காலம் எழுதாத தீர்ப்பு

ஜாஸ் கேட்கும் நண்பர்களிடம் அதிகம் அறியப்படாத ஒருவரின் இசைத்தட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. "அவ்வளவு நல்ல ரெக்கார்டாக இருந்தால் இத்தனை வருஷத்தில் தெரியாமலா போயிருக்கும்?" அறுபது, எழுபது ஆண்டுகள் ஓடிவிட்டன. அதற்குள் காலம் நல்லதையும் அல்லாததையும் பிரித்துவிட்டது. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' நிற்கிறது, ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' நிற்கிறது. நிற்காமல் போனவற்றை அலமாரியின் அடித்தட்டிலிருந்து எடுத்துத் துடைத்துக் கேட்பதும், அதைக் கண்டுபிடிப்பு என்று கொண்டாடுவதும் சேகரிப்பாளர்களின் வீண் பெருமை என்கிறார்கள். இப்படிச் சொல்பவர்கள் இசை தெரியாதவர்கள் அல்லர். நல்ல காது உள்ளவர்களே சொல்கிறார்கள். 'அவசியம் கேட்க வேண்டிய நூறு' என்று விமர்சகர்கள் போடும் பட்டியல்களும் இந்த நம்பிக்கையின் மேல்தான் எழுகின்றன. கென் பர்ன்ஸின் பத்துப் பகுதி ஆவணப்படம் 2001-இல் ஒளிபரப்பானது. எத்தனையோ பேரை ஜாஸுக்குள் அழைத்துவந்த படம் அது. 1961-க்குப் பிந்தைய நாற்பதாண்டு ஜாஸ் முழுவதும் அதில் கடைசி ஒரே பகுதிக்குள் அடங்கிவிட்டது.

இந்த நம்பிக்கை பொய்யானது என்பதே என் வாதம். மறந்துபோன ஜாஸ் தட்டுகளில் மிகப் பலவற்றை யாரும் கேட்டுப் பார்த்து ஒதுக்கவில்லை. அவை கேட்பவர் கைக்கே வரவில்லை. வந்தவையும் குறைந்த பிரதிகளோடு, மறுபதிப்பு இல்லாமல் நின்றுபோயின. அவற்றை ஒதுக்கியவர்கள் கணக்கு எழுதியவர்களும் விநியோகஸ்தர்களும் காவல்துறையும். வழக்கே நடக்காத இடத்தில் தீர்ப்பு எங்கிருந்து வந்தது?

ஓர் எடுத்துக்காட்டை முழுவதுமாகப் பார்க்கலாம். 1960 ஜூன் 19 அன்று, நியூ ஜெர்சியின் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக்கூடத்தில், 22 வயது டிரம்பெட் கலைஞர் ஃப்ரெடி ஹப்பர்ட் தன் பெயரிலான முதல் தட்டைப் பதிவு செய்தார். ப்ளூ நோட் நிறுவனம் வெளியிட்ட 'ஓபன் செசமி' அது. அதில் டெனர் சாக்ஸபோன் வாசித்தவர் டீனா ப்ரூக்ஸ். தட்டுக்குப் பெயர் தந்த பாடலை இயற்றியவரும் அவரே. ஆறு நாள் கழித்து, ஜூன் 25 அன்று, அதே கூடத்தில் ப்ரூக்ஸ் தன் பெயரில் 'ட்ரூ ப்ளூ' பதிவு செய்தார். இம்முறை டிரம்பெட் ஹப்பர்ட். இரண்டிலும் பேஸ் வாசித்தவர் சாம் ஜோன்ஸ். ஒரே வாரம், ஒரே கூடம், ஒரே பொறியாளர், முன்வரிசையில் அதே இருவர். ஒருவர் குன்றின்மேல் இட்ட விளக்கானார். மற்றவர் குடத்துள் இட்ட விளக்கானார். ஹப்பர்ட் அடுத்த ஆண்டு ஆர்ட் பிளேக்கியின் குழுவில் சேர்ந்து, பின்னாளில் கிராமி விருது வரை போனார். ப்ரூக்ஸ் 1961-க்குப் பிறகு ஒரு தட்டிலும் வாசிக்கவில்லை. 1974-இல், 42 வயதில் இறந்தார்.

இரண்டு தட்டுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ப்ரூக்ஸ் உரத்துப் பேசும் கலைஞர் அல்லர். ஒரு தொடரை நீளமாக எடுப்பார்; அது முடியும் என்று நாம் நினைக்கும் இடத்தில் முடிக்காமல் வளைத்து, இன்னொரு திருப்பம் தந்து, மிக மெதுவாகக் கீழே வைப்பார். லெஸ்டர் யங்கின் இலகு அதில் உண்டு. ரிதம் அண்ட் ப்ளூஸ் குழுக்களோடு ஊர் ஊராக வாசித்துப் பெற்ற பக்குவமும் உண்டு. 'ட்ரூ ப்ளூ'வின் முதல் பாடலான 'குட் ஓல்ட் சோல்' தொடங்கிச் சற்று நேரத்திலேயே, ஹப்பர்ட்டின் பளீரென்ற ஓசைக்குப் பக்கத்தில் இந்த அடங்கிய குரல் எவ்வளவு தெளிவாகத் தன் வழியில் போகிறது என்பது காதுக்குப் புலப்படும். இவர் தோற்றுப்போன ஹப்பர்ட் அல்லர். வேறு ஒன்றைச் சொல்ல வந்தவர்.

சரி, காலம் இவரைக் கேட்டுவிட்டா ஒதுக்கியது? 1958 முதல் 1961 வரை ப்ளூ நோட்டில் அவர் தலைமையில் நான்கு பதிவுகள் நடந்தன. அவர் உயிரோடு இருந்தவரை வெளிவந்தது 'ட்ரூ ப்ளூ' ஒன்றுதான். லீ மார்கனும் சானி கிளார்க்கும் உடன் வாசித்த 'மைனர் மூவ்' நாடாவாகவே கிடந்தது. 'பேக் டு தி டிராக்ஸ்' தட்டுக்கு 4052 என்று பட்டியல் எண் கொடுத்து, உறையும் வடிவமைத்துவிட்டு, வெளியிடாமல் விட்டார்கள். கடைசிப் பதிவான 'தி வெயிட்டிங் கேம்' மட்டும் எப்படித் தப்பும்? நான்கும் ஒன்றாக மொசைக் நிறுவனத்தின் பெட்டித் தொகுப்பில் வந்தபோது ஆண்டு 1985. ப்ரூக்ஸ் போய்ப் பதினோரு ஆண்டு ஆகியிருந்தது. அவருக்கு ஹெராயின் பழக்கம் இருந்தது உண்மை. அது அவர் உடலை அழித்தது. ஆனால் முடிந்து கிடந்த மூன்று நாடாக்களைப் பூட்டி வைத்தது ஹெராயின் இல்லை.

பூட்டி வைத்தவர்களைக் கெட்டவர்கள் என்றும் நான் சொல்லவில்லை. ப்ளூ நோட்டை 1939-இல் தொடங்கிய ஆல்ஃப்ரெட் லயனும் அவரோடு சேர்ந்த ஃப்ரான்சிஸ் வுல்ஃபும் பெர்லினிலிருந்து வந்தவர்கள், இந்த இசையை உயிராக நேசித்தவர்கள். ஒத்திகைக்கும் காசு கொடுத்த நிறுவனம் அது. அவர்கள் பதிவு செய்தது அதிகம், வெளியிட முடிந்தது குறைவு. சிறு நிறுவனத்துக்குத் தோல்வியைவிட வெற்றி ஆபத்தானது. லீ மார்கனின் 'தி சைட்வைண்டர்' 1964-இல் எதிர்பாராத அளவுக்கு விற்றது. தட்டு அச்சிடும் ஆலைக்கு உடனே பணம் தர வேண்டும். விநியோகஸ்தர்களோ விற்ற பணத்தைத் தாமதித்துத் தருவார்கள், அடுத்த 'சைட்வைண்டர்' எங்கே என்றும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பொருந்தாத பதிவுகள் வரிசையில் பின்னால் போயின. 1965-இல் நிறுவனம் லிபர்ட்டிக்கு விற்கப்பட்டது. லயன் 1967-இல் விலகினார். வுல்ஃப் 1971-இல் இறந்தார். எந்த நாடாவில் என்ன இருக்கிறது என்று நினைவில் வைத்திருந்தவர்கள் அத்தோடு இல்லாமல் போனார்கள்.

1975-இல் மைக்கேல் கஸ்குனா என்ற தயாரிப்பாளர் ப்ளூ நோட்டின் நாடாக் கிடங்குக்குள் நுழைய அனுமதி பெற்றார். கலைஞர்களிடம் கேட்டுக் கேட்டு, வெளிவராத பதிவுகளின் குறிப்புகளை அவர் முன்பே சேர்த்து வைத்திருந்தார். உள்ளே என்ன இருந்தது என்று பாருங்கள். வெய்ன் ஷார்ட்டர் 1965-இல் பதிவு செய்த 'எட் செட்டெரா' 1980-இல் வந்தது. ஹாங்க் மோப்லியின் 1966-ஆம் ஆண்டுப் பதிவான 'எ ஸ்லைஸ் ஆஃப் தி டாப்' 1979-இல் வந்தது. ஆண்ட்ரூ ஹில்லின் 'பாஸிங் ஷிப்ஸ்' 1969-இல் பதிவாகி 2003-இல் வந்தது. கிட்டார் கலைஞர் கிரான்ட் கிரீன் 1964-இல் மெக்காய் டைனரோடும் எல்வின் ஜோன்ஸோடும் வாசித்த 'மேட்டடோர்', அவர் இறந்த 1979-ஆம் ஆண்டிலேயே ஜப்பானில் முதலில் வெளியானது. வெய்ன் ஷார்ட்டரும் கிரான்ட் கிரீனும் தகுதிக் குறைவால் கிடங்கில் கிடந்தார்கள் என்று எவராவது சொல்லத் துணிவாரா? சொல்ல மாட்டார்கள். ஆனால் ப்ரூக்ஸ் விஷயத்தில் மட்டும் அதே கிடங்கைக் 'காலத்தின் தீர்ப்பு' என்கிறார்கள்.

பியானோ கலைஞர் ஹெர்பி நிக்கல்ஸின் கதை இன்னும் கொடியது. பில்லி ஹாலிடே பாடிய 'லேடி சிங்ஸ் தி ப்ளூஸ்' பாடலுக்கு இசை அவருடையது. பாடலைத் தெரிந்தவர்களில் அவர் பெயரைத் தெரிந்தவர்கள் சொற்பம். 1955-இலும் 1956-இலும் ப்ளூ நோட் அவரை மூவர் குழுவாகப் பதிவு செய்தது. டிரம்ஸில் ஆர்ட் பிளேக்கியும் மேக்ஸ் ரோச்சும். முதல் இரண்டு தட்டுகள் 10 அங்குல அளவில் வந்தன. சரியாக அதே சமயத்தில்தான் அமெரிக்கக் கடைகள் 10 அங்குலத்தைக் கைவிட்டு 12 அங்குல எல்.பி.க்கு மாறிக்கொண்டிருந்தன. வெளிவந்தபோதே வழக்கொழிந்த அளவாகிவிட்ட தட்டு, இசை எப்படி இருந்தாலும், அலமாரியின் பின்வரிசைக்குத்தான் போகும். தன் இசையை வாசிக்க யாரும் அழைக்காததால் நிக்கல்ஸ் வயிற்றுப்பாட்டுக்குப் பழைய டிக்ஸிலேண்ட் குழுக்களில் வாசித்தார். 1963-இல் ரத்தப் புற்றுநோயால் 44 வயதில் இறந்தார்.

இவரை அடிக்கடி ஒப்பிடுவது தெலோனியஸ் மங்க்கோடு. அந்த ஒப்பீடு என் பக்கத்துச் சாட்சி. மங்க் 1947 முதல் ப்ளூ நோட்டில் பதிவு செய்தவை விற்கவில்லை. 1951-இல் ஒரு போதைப்பொருள் வழக்கில் நியூயார்க் காவல்துறை அவருடைய 'கேபரே கார்டை' பறித்தது. அந்த அட்டை இல்லாமல் அந்நகரில் மது பரிமாறும் எந்த விடுதியிலும் ஒரு கலைஞர் வாசிக்க முடியாது. ஆறு ஆண்டு அந்த நிலை. 1955-இல் பிரெஸ்டீஜ் நிறுவனத்துக்கு அவர் தர வேண்டியிருந்த சுமார் 108 டாலரைக் கட்டிவிட்டு ரிவர்சைடு நிறுவனம் அவரை எடுத்துக்கொண்டது. நூற்றெட்டு டாலர்! 1957-இல் அட்டை திரும்பக் கிடைத்தது. 'ஃபைவ் ஸ்பாட்' விடுதியில் கோல்ட்ரேனோடு மாதக்கணக்கில் வாசித்தார். 1964-இல் 'டைம்' இதழின் அட்டையில் வந்தார். அதே மனிதர் 1956-இல் இறந்திருந்தால் இன்று அவரும் சேகரிப்பாளர்களின் வீம்பு என்ற கணக்கில்தான் இருந்திருப்பார். அவரைக் காப்பாற்றியது காலத்தின் நீதி என்றால், அந்த நீதி ஒரு காவல்துறை அட்டையைப் பார்த்துக்கொண்டு ஆறு ஆண்டு காத்திருந்தது.

சிறையும் இந்தக் கணக்கில் உண்டு. ஹெரால்ட் லாண்டின் 'தி ஃபாக்ஸ்' 1959-இல் லாஸ் ஏஞ்சலீஸில் பதிவானது. அதில் டிரம்பெட் வாசிக்கும் டுப்ரீ போல்ட்டனை முதல்முறை கேட்பவர் உறையைத் திருப்பி யார் இவர் என்று பார்க்காமல் இருக்க மாட்டார். முதல் பாடலின் தலைதெறிக்கும் வேகத்தில் ஒரு சுரமும் சிதறாமல் பாய்கிறார். அதன் பிறகு 1963-இல் கர்ட்டிஸ் ஏமியின் 'கட்டாங்கா!'. நடுவிலும் பின்னரும் வாழ்க்கையின் பெரும்பகுதி சிறையில் போயிற்று. அதே 'தி ஃபாக்ஸ்' தட்டில் பெரும்பாலான பாடல்களை இயற்றி பியானோ வாசித்த எல்மோ ஹோப்பும் நியூயார்க்கில் அட்டை இழந்துதான் மேற்குக் கரைக்கு வந்தவர். ஒரே தட்டில் இத்தனை பேரின் கதவுகள் அடைபட்டிருந்தன. இதைத் தகுதியின்மை என்று படிப்பவர்கள் உறையின் பின்பக்கத்தைப் படித்ததில்லை.

இடமும் பாலினமும்கூட மறதியைத் தீர்மானித்தன. டெட்ராய்டின் டோரதி ஆஷ்பி ஹார்ப்பில் பீபாப் வாசித்தார். ஹார்ப்பும் பெண்ணும் சேர்ந்தால் ஜாஸ் இல்லை என்று கடைக்காரரே முடிவு செய்துவிடும் காலம் அது. ஜெர்மனியிலிருந்து வந்த யூட்டா ஹிப் 1956-இல் ப்ளூ நோட்டில் பதிவு செய்துவிட்டு, இசையையே விட்டு, நியூயார்க்கில் ஆடைத் தொழிற்சாலை வேலைக்குப் போனார். ஹொரேஸ் டாப்ஸ்காட் நியூயார்க்குக்குப் போகாமல் லாஸ் ஏஞ்சலீஸில் தன் மக்களுக்காகக் குழு நடத்தினார். அதற்கான விலையையும் கொடுத்தார்.

இனி இரண்டாவது வாதம். "இதெல்லாம் பழைய கதை. இப்போது எல்லாம் இணையத்தில் கிடைக்கிறது. வீட்டில் வினைல் அடுக்கி வைத்துத் தேட என்ன இருக்கிறது?" எல்லாம் கிடைக்கிறது என்பதே முதலில் சரியில்லை. நாடா இருந்தால்தானே கிடைக்கும்? 1978-இல் நியூ ஜெர்சியின் லாங் பிராஞ்சில் அட்லாண்டிக் நிறுவனத்தின் கிடங்கு எரிந்து, வெளிவராத பதிவுகளின் நாடாக்கள் பெருமளவில் போயின. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யுனிவர்சல் வளாகத்தில் பிடித்த தீயில் மூல நாடாக்கள் அழிந்தன. எவ்வளவு என்பதில் சர்ச்சை நீடிக்கிறது, அழிந்தது என்பதில் சர்ச்சை இல்லை. கோல்ட்ரேன் 1963 மார்ச் 6 அன்று பதிவு செய்த ஒரு முழுத் தட்டின் மூல நாடா தொலைந்தே போயிற்று. அது 2018-இல் 'போத் டைரக்ஷன்ஸ் அட் ஒன்ஸ்' என்று வெளிவர முடிந்தது ஒரே காரணத்தால்: அவர் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்த நகலை முதல் மனைவி நைமாவின் குடும்பம் வைத்திருந்தது. உலகின் மிகப் புகழ்பெற்ற சாக்ஸபோன் கலைஞரின் தட்டையே ஒரு வீடு காப்பாற்றியிருக்கிறது, நிறுவனம் காப்பாற்றவில்லை. 1957-இல் மங்க்கும் கோல்ட்ரேனும் கார்னகி ஹாலில் வாசித்த நாடா 2005-இல் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் அடுக்குகளில் கிடைத்ததும் யாரோ ஒருவர் பெட்டியைத் திறந்து பார்த்ததால்தான்.

கிடைப்பவையும் எப்படிக் கிடைக்கின்றன? செயலியில் தலைப்பும் தலைமைக் கலைஞரின் பெயரும் வரும். பேஸ் யார், டிரம்ஸ் யார், எந்த நாள், எந்தக் கூடம் என்பது பெரும்பாலும் வராது. ஜாஸில் இந்தத் தகவல் அலங்காரம் இல்லை, அதுதான் வழி. 'ஓபன் செசமி' உறையின் பின்பக்கம் ப்ரூக்ஸ் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைப் பிடித்து 'பேக் டு தி டிராக்ஸ்' போனால் பியானோவில் கென்னி ட்ரூ. அவர் பெயரைத் தேடினால் 1960 டிசம்பரில் பதிவான 'அண்டர்கரன்ட்'. அதே ஹப்பர்ட், அதே சாம் ஜோன்ஸ், கூடவே மோப்லி. அடுத்த ஆண்டு ட்ரூ அமெரிக்காவை விட்டு ஐரோப்பா போய்விட்டார். அவருடைய தட்டு எப்படி அலமாரியின் ஓரத்துக்கு நகர்ந்தது என்பது அப்போது விளங்கும். ஒரு மறதியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இந்தப் பாதை உறைகளில் அச்சாகி இருக்கிறது. செயலியோ ஏற்கெனவே ஆயிரம் முறை கேட்கப்பட்டதை ஆயிரத்து ஓராவது முறை நமக்கு நீட்டுகிறது. அன்றைய விநியோகஸ்தரின் முடிவை இன்று இயந்திரம் புதுப்பிக்கிறது.

பழைய ஒலியே புனிதம் என்று பேசும் கூட்டத்தோடும் எனக்கு உடன்பாடு இல்லை. 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் முதல் பக்கம் ஒலிப்பதிவுக் கருவியின் வேகக் கோளாறால் 1959 முதல் பல பதிப்புகளில் சற்றே உயர்ந்த சுருதியில்தான் வந்துகொண்டிருந்தது, 1992-இல்தான் திருத்தினார்கள். அசல் அச்சு எப்போதும் அசல் இசை ஆகாது. அதேபோல் அபூர்வம் என்பதாலேயே ஒரு தட்டு உயர்ந்ததாகிவிடாது. 'ட்ரூ ப்ளூ'வின் முதல் அச்சு இன்று ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது. அதை வாங்கி உறையோடு பூட்டி வைப்பவர் ப்ரூக்ஸை இரண்டாம் முறை கிடங்கில் போடுகிறார். மறுபதிப்பை வாங்கி நூறு முறை கேட்பவரே அவருக்கு நியாயம் செய்கிறார்.

மறக்கப்பட்டவை எல்லாம் பொக்கிஷம் என்றும் சொல்ல மாட்டேன். ஐம்பதுகளில் சில நிறுவனங்கள் ஒத்திகையே இல்லாமல், ஒரே மதியத்தில், கிடைத்தவர்களை நிறுத்தி வாசிக்க வைத்துத் தட்டு போட்டன. அவற்றில் பல சாதாரணமானவை. ஒருமுறை கேட்டால் போதும். ஆனால் அந்த முடிவைக் கேட்ட பிறகு சொல்ல வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான். பட்டியல்கள் தொடங்குவதற்கு நல்ல இடம். புதிதாக வருபவருக்கு 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வைத்தான் நானும் கொடுப்பேன். முப்பது ஆண்டு ஜாஸ் கேட்டவரும் அதே நூறு தட்டுகளுக்குள் சுற்றிக்கொண்டு, வெளியே ஒன்றும் இல்லை என்று அறிவிப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

சொந்தச் சேகரிப்புக்கு இங்கே ஒரு பொறுப்பு இருக்கிறது. மொத்தமாக வாங்கிய கட்டுகளில், ஒரு பெயருக்காக எடுத்த தட்டுகளில், கேட்காத இரண்டாம் பக்கங்களில் இப்படிப்பட்ட கலைஞர்கள் வந்து சேர்ந்திருப்பார்கள். எந்தக் கணக்காளரும் விநியோகஸ்தரும் இப்போது குறுக்கே நிற்கவில்லை. தட்டு வீட்டில் இருக்கிறது, ஊசி இருக்கிறது.

ஆகவே ஜாஸ் தட்டுகள் வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த முறை உங்கள் கை பழகிய தட்டுக்குப் போகும்போது, அதன் உறையைத் திருப்பி, தலைப்பில் இல்லாத பெயர்களைப் படியுங்கள். அவர்களில் ஒருவரின் சொந்தத் தட்டைத் தேடி எடுத்து இரண்டு பக்கமும் கேளுங்கள். பிடிக்காவிட்டால் தாராளமாக ஒதுக்குங்கள். பிடித்திருந்தால் அந்தப் பெயரை இன்னொருவரிடம் சொல்லுங்கள்.